இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி

இதை யாரிடம் சொன்னாலும் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று சீனியம்மாளுக்குப் பயம்.

சொல்லாமல் இருக்கவும் முடியாது. அவள் வேலை பார்க்கிற அறைக்குப் புதிதாக வேலைக்கு வருகிற யாரும் விசைப்பலகையைத் தொடுவதற்கு முன்னால் இதைக் கேட்டாக வேண்டும். டீச்சர் வைத்த ஒரே சட்டம் அது. போன தடவை வந்த பெண் முழுவதையும் கேட்டுவிட்டு, அப்படியென்றால் கம்ப்யூட்டரை நம்பக் கூடாது, அதுதானே என்றாள். அன்று சீனியம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கு முன் வந்தவர், டீச்சர் சரியாகச் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது என்றார். அது இன்னும் மோசம். எந்த இடத்தில் ஒரு சொல் கூடிப்போனது, எந்த இடத்தில் குறைந்துபோனது என்று பேருந்தில் வீடு போய்ச் சேரும்வரை யோசித்துக்கொண்டே போனாள்.

ஆகவே, நடந்தது நடந்தபடி.

ரயில் பாதைகள் கூடுகிற ஒரு ஊர். இடுகாட்டின் சுற்றுச்சுவரை ஒட்டி இரண்டு அறைகள். யாரும் வந்து கேட்காத உடல்களைக் காவல் நிலையத்திலிருந்து வாங்கி அடக்கம் செய்கிற ஒரு சிறிய அறக்கட்டளை அங்கே நடந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு கல். பெயர் தெரியாததால் கல்லில் எண். அந்த எண்ணுக்கு நேராக, கம்ப்யூட்டரில் இருக்கும் பட்டியலில் ஒரு வரி. ஆணா பெண்ணா, வயது சுமாராக எவ்வளவு, உடம்பில் என்ன அடையாளம். தேடிக்கொண்டு யாராவது வந்தால் அந்த ஒரு வரிதான் வழி.

சீனியம்மாள் அங்கே வெள்ளைத் துணி தைக்க வந்தவள். நாற்பத்தெட்டு வயது. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எதையும் இரண்டு தடவை பார்ப்பாள், மூன்றாவது தடவை பார்க்கவில்லையே என்று கவலைப்படுவாள். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பிப் போகிற ரகம். அந்தக் குணத்தைப் பார்த்துத்தான் டீச்சர் அவளைத் தையல் மெஷினிலிருந்து எழுப்பி, பட்டியல் தட்டச்சு செய்ய உட்காரவைத்தாள்.

டீச்சர் என்றால் ஜெபராணி. முப்பத்தொரு வயது. பெரிய கம்பெனி ஒன்றில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவள், அதை விட்டுவிட்டு இங்கே வந்தாள். ஏன் வந்தாள் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் பதில் வராது என்று முகமே சொல்லும். தன்னைவிடப் பதினேழு வயது மூத்தவளை அவள் அக்கா என்றாள். சீனியம்மாள் அவளை டீச்சர் என்றாள். இரண்டு பேருக்கும் அது சரியாக இருந்தது.

தினமும் காலையில் டீச்சர் அறைக்குள் வந்ததும், பையைக் கழற்றுவதற்கு முன்பே, நின்றபடியே கம்ப்யூட்டரில் ஏதோ சில எழுத்துகளைத் தட்டுவாள். திரையைப் பார்ப்பாள். அழித்துவிடுவாள். பிறகுதான் மின்விசிறியைப் போடுவாள். மெஷின் ஓடுகிறதா என்று சோதிக்கிறாள் என்று சீனியம்மாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பட்டியலில் தேடுவதற்கு டீச்சர் ஒரு கருவி எழுதி வைத்திருந்தாள். ஆங்கிலத்தில் அதற்கு ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று பெயராம். சீனியம்மாளின் வாயில் அது நுழையவில்லை. அதனால் டீச்சர் அச்சு என்றாள். அதிரசத்துக்கு அச்சு இல்லை, முறுக்குக்கு உண்டு, அந்த அச்சு.

முதல் நாள் பாடம் இவ்வளவுதான்.

"நீங்க ஒரு ஆளைத் தேடணும். நான் அவரைப் பார்த்ததில்லை. என்கிட்ட என்ன சொல்லி அனுப்புவீங்க?"

"வெள்ளை வேட்டி, சட்டை, கண்ணாடி போட்டிருப்பார்னு சொல்லுவேன்."

"பஸ் ஸ்டாண்டுக்குப் போனா எத்தனை பேர் வருவாங்க?"

சீனியம்மாள் யோசித்துவிட்டு, பாதி பஸ் ஸ்டாண்டு வரும் என்றாள்.

"அவ்வளவுதான் அக்கா. சொன்னதுக்குப் பொருந்துற ஆள் எல்லாரும் வருவாங்க. நீங்க மனசுல நினைச்சவர் மட்டும் தனியா வரமாட்டார்."

அந்தக் கருவி நான்கு வேலை செய்யும் என்று டீச்சர் சொல்லிக்கொடுத்தாள். அச்சுக்குப் பொருந்துவது ஏதாவது இருக்கிறதா என்று கேட்கலாம். பொருந்துகிற முதல் இடத்தைக் காட்டச் சொல்லலாம். பொருந்துகிற எல்லா இடங்களையும் எடுத்து வரிசையாக வைக்கச் சொல்லலாம். நான்காவதாக, பொருந்தியதையெல்லாம் எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கச் சொல்லலாம்.

"நாலாவதுக்கு முன்னாடி மூணாவது. எப்பவும்," என்றாள் டீச்சர்.

சீனியம்மாள் அதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். அடிக்கோடும் போட்டுக்கொண்டாள்.

ஆடி மாதத்தில் டீச்சருக்கு டைபாய்டு வந்து மூன்று வாரம் வரவில்லை. அந்தச் சமயம் பார்த்து அறக்கட்டளைச் செயலாளர் வந்தார். பட்டியலை அச்செடுத்து வெளியே பலகையில் ஒட்ட வேண்டும், தேடி வருகிறவர்கள் தாங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்றார். ஆனால் நடுநடுவே சதுர அடைப்புக்குறிக்குள் காவல் நிலைய எண், மருத்துவமனைச் சீட்டு எண் என்று கிடக்கிறதே, பார்க்கவே கண்றாவியாக இருக்கிறது, அதையெல்லாம் எடுத்துவிட்டுக் கொடு என்று சொல்லிவிட்டுப் போனார்.

இருநூற்று நாற்பத்து மூன்று வரி. ஒவ்வொன்றாகக் கையால் எடுக்கலாம். ஒரு நாள் ஆகும். ஆனால் சீனியம்மாளுக்கு, தான் படித்ததைச் செய்து பார்க்க வேண்டும் என்று ஆசை. டீச்சர் திரும்பி வரும்போது பட்டியல் சுத்தமாக இருந்தால், அக்கா நீங்களே செய்தீர்களா என்று ஒரு வார்த்தை கேட்பாள் அல்லவா.

அச்சை எழுதினாள். திறக்கிற அடைப்புக்குறி. ஒரு புள்ளி, அதாவது எந்த எழுத்தாக இருந்தாலும் சரி. ஒரு நட்சத்திரம், அதாவது எத்தனை எழுத்து வந்தாலும் சரி. பிறகு மூடுகிற அடைப்புக்குறி. இரண்டு அடைப்புக்குறிக்கு முன்னாலும் ஒரு சாய்கோடு போட வேண்டும், அதைக்கூட அவள் மறக்கவில்லை. அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மாற்று என்கிற கட்டத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டாள். பொருந்துவதை எடுத்துவிட வேண்டும், அந்த இடத்தில் ஒன்றும் வேண்டாம்.

வெளியே செயலாளரின் வண்டிச் சத்தம் கேட்டது. மூன்றாவது வேலையைச் செய்யாமல் நான்காவதைச் செய்தாள்.

கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. அவள் குணத்துக்கு ஒரு தடவை பார்க்காமல் இருக்க முடியாது. திரையில் தெரிந்த முதல் நாற்பது வரியையும் விரல் வைத்துப் படித்தாள். எண் போயிருந்தது, அடையாளம் இருந்தது. இன்னொரு தடவையும் அதே நாற்பதைப் படித்தாள். செயலாளர் உள்ளே வந்து எட்டிப் பார்த்து, இப்பதான் பட்டியல் மாதிரி இருக்கு என்றார். அவள் சேமித்தாள். அச்செடுத்துப் பலகையில் ஒட்டினாள்.

ஐப்பசியில் ஒரு மழைநாள் காலையில் வெள்ளத்தாய் வந்தாள்.

கோட்டைப்பட்டியிலிருந்து முதல் பேருந்தில் வந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றாள். சீனியம்மாள் உள்ளே வரச் சொல்லி, தலை துவட்டத் துண்டு கொடுத்தாள். புருஷன் பெயர் சின்னக்காளை. கல்குவாரி வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வீட்டில் ஒரு சின்னச் சண்டை, சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனவர் வரவில்லை. எந்தெந்த ஊரிலோ தேடியாயிற்று. யாரோ இந்த இடத்தைச் சொன்னார்கள். வரக் கூடாது வரக் கூடாது என்று ஆறு மாதமாக இருந்துவிட்டு இன்றைக்குத்தான் கிளம்பினாளாம்.

டீச்சர் அன்று காவல் நிலையத்துக்குப் போயிருந்தாள்.

"அடையாளம் சொல்லு தாயி," என்றாள் சீனியம்மாள்.

"இடது கை சுண்டுவிரல் பாதி இருக்காது அக்கா. பாறை விழுந்தது. வலது கையில தேள் பச்சை குத்தியிருப்பாரு."

சீனியம்மாள் தட்டினாள். சுண்டுவிரல் அல்லது தேள், இரண்டில் எது இருந்தாலும் காட்டு என்று அச்சு.

திரையில் பூஜ்யம் வந்தது.

இந்த இடத்தைச் சொல்லும்போதுதான் அவளுக்கு நாக்கு குழறும். மேஜைக்கு அடியில், அவளுடைய இடது கை தன்பாட்டுக்குச் சுண்டுவிரலைப் பாதியாக மடக்கி வைத்திருந்தது. அவள் அதைப் பார்த்தாள். ஏன் மடக்கினோம் என்று தெரியவில்லை. எப்போதோ இப்படி மடக்கிப் பார்த்த ஞாபகம், பாதி விரல் இல்லாத கை எப்படி இருக்கும் என்று. எப்போது, எதற்காக என்று மனசுக்குள் ஏதோ இடறியது.

ஆனால் திரை பூஜ்யம் என்கிறது. அது டீச்சர் எழுதிய கருவி. இவள் ஏழாவது வரை படித்தவள். விரலை நிமிர்த்திக்கொண்டாள்.

"உன் வீட்டுக்காரர் இங்க இல்ல தாயி," என்றாள்.

வெள்ளத்தாய் நாற்காலியிலிருந்து எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். சீனியம்மாளின் இரண்டு கையையும் பிடித்து, நல்லா இருப்பீங்க அக்கா, நல்லா இருப்பீங்க என்றாள். மழை விடுகிறவரை இரு என்று சொன்னதைக் கேட்கவில்லை. துண்டைக் கொடுக்க மறந்து தோளில் போட்டபடியே போனாள். வாசலைத் தாண்டும்போது அவள் சிரித்ததை சீனியம்மாள் பார்த்தாள்.

அடுத்த பதினோரு நாள் சீனியம்மாளின் மனசு வேலையில் இல்லை. உடம்பு அங்கே இருந்தது. பருப்பு கடையும்போது விரல் மடங்கும். பேருந்தில் கம்பியைப் பிடிக்கும்போது மடங்கும். பன்னிரண்டாம் நாள் பொறுக்க முடியாமல், தேடாமல், கருவியைத் தொடாமல், பட்டியலை மேலிருந்து கீழே வரி வரியாக உருட்டிக்கொண்டு வந்தாள். நூற்று எண்பது வரை எல்லாம் சரி. நூற்று எண்பத்தொன்றில் கை நின்றது.

ஆண், வயது சுமார் ஐம்பது. அவ்வளவுதான். வேறு ஒன்றும் இல்லை.

அடுத்தது. பெண், வயது சுமார் முப்பது. அவ்வளவுதான்.

அப்படியே இருநூற்று நாற்பத்து மூன்று வரை. இருநூற்றுப் பன்னிரண்டாம் வரியும் அப்படித்தான். ஆண், வயது சுமார் நாற்பத்தைந்து. அந்த வரியைத் தட்டச்சு செய்த அன்றுதான், சுண்டுவிரலை மடக்கிப் பார்த்தாள். தேளுக்குக் கொடுக்கு எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்றும் நினைத்தாள். எல்லாம் ஒரேயடியாக ஞாபகம் வந்தது.

டீச்சர் மதியம் வந்தபோது சீனியம்மாள் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். டீச்சர் நின்றபடியே கேட்டாள். வெள்ளிக்கிழமை தோறும் பட்டியலுக்கு ஒரு பிரதி எடுத்து வைப்பது உண்டு. ஆனால் நான்கு வாரத்துக்கு மேல் பழையது இருக்காது. புதிது பழையதன்மேல் ஏறிவிடும். மூன்று மாதத்தில் கெட்ட பட்டியலே எல்லாப் பிரதியிலும் ஏறியிருந்தது.

"நான் சொன்னதைத்தானே டீச்சர் அது செஞ்சது? அடைப்புக்குறியில தொடங்கி அடைப்புக்குறியில முடியறதை எடுன்னு சொன்னேன். எங்க தப்பு?"

 டீச்சர் அவளைக் கூட்டிக்கொண்டு பின்பக்கம் போனாள். அங்கே நீளக் கொடியில் வெட்டிய வெள்ளைத் துணிகள் நனைத்துக் காயப் போட்டிருந்தன. ஒவ்வொரு துணிக்கும் இந்த முனையில் ஒரு கிளிப், அந்த முனையில் ஒரு கிளிப்.

"ஒரு கிளிப்புல தொடங்கி ஒரு கிளிப்புல முடியறதை எடுத்துட்டு வாங்க அக்கா."

சீனியம்மாள் முதல் கிளிப்பில் கையை வைத்தாள். திரும்பிப் பார்த்தாள்.

"எந்தக் கிளிப்பு வரைக்கும் டீச்சர்? பக்கத்துல இருக்கறதா, கடைசியா?"

"நீங்க கேட்டீங்க," என்றாள் டீச்சர். "அது கேட்கலை."

சீனியம்மாள் கொடியைப் பார்த்தபடி நின்றாள். பழைய வரிகளில் ஒரே ஒரு அடைப்புதான் இருந்தது. காவல் நிலைய எண் மட்டும். நூற்று எண்பத்தொன்றிலிருந்துதான் மருத்துவமனைச் சீட்டு எண்ணும் சேர்ந்தது. வரியின் நடுவில் ஓர் அடைப்பு, கடைசியில் ஓர் அடைப்பு. இரண்டுக்கும் இடையில்தான் மச்சமும் தழும்பும் பச்சையும் இருந்தன. எத்தனை எழுத்து வந்தாலும் சரி என்று அவள் சொன்னதால், முதல் அடைப்பில் நுழைந்தது கடைசி அடைப்பில்தான் நின்றது. அவள் பார்த்த நாற்பது வரியிலும் ஒரே ஓர் அடைப்புதான்.

காற்றில் துணிகள் எழும்பி எழும்பி அடங்கின.

"நட்சத்திரத்துக்குப் பக்கத்துல ஒரு கேள்விக்குறி போட்டிருந்தா, பக்கத்துக் கிளிப்புலயே நின்னிருக்கும்," என்று டீச்சர் சொன்னாள். கோபம் இல்லை. சீனியம்மாளுக்கு அதுதான் தாங்கவில்லை. திட்டியிருந்தால் அழுதிருப்பாள்.

அன்றைக்கே வேலையைத் தொடங்கினார்கள். சீனியம்மாள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்ல, டீச்சர் ஒரு தனித்தாளில் எழுதினாள். நூற்று எண்பத்து நான்கு, வலது புருவத்தில் தழும்பு. நூற்றுத் தொண்ணூற்று ஒன்று, இரண்டு காதிலும் துளை, தோடு இல்லை. எதைத் தட்டச்சு செய்தாலும் அந்த ஆளுக்காகக் கவலைப்பட்டுக்கொண்டே செய்தவள் என்பதால் நிறைய நினைவு இருந்தது. ஆனால் நினைவை மட்டும் நம்பிப் பட்டியலில் ஏற்ற டீச்சர் சம்மதிக்கவில்லை. இருவரும் ஒவ்வொரு காவல் நிலையமாகப் போய், பழைய சீட்டுகளைத் தேடித் தரும்படி கேட்டார்கள். சில இடத்தில் உட்காரச் சொன்னார்கள். சில இடத்தில், செத்தவன் ஓடியா போகப்போறான், அடுத்த வாரம் வாங்கம்மா என்றார்கள்.

மூன்று வாரத்தில் அறுபத்து மூன்றில் ஐம்பது பேருக்குச் சீட்டு கிடைத்தது. இருநூற்றுப் பன்னிரண்டும் அதில் இருந்தது. இடது சுண்டுவிரல் பாதி இல்லை, வலது முன்கையில் பச்சை குத்திய தேள். நான்கு பேருக்குச் சீட்டு இல்லை, சீனியம்மாளின் ஞாபகம் மட்டும் இருந்தது. அந்த நான்கு வரியின் முடிவில் டீச்சர், நினைவிலிருந்து என்று எழுதினாள். மீதி ஒன்பது பேருக்குச் சீட்டும் இல்லை, நினைவும் இல்லை. ஆண், வயது சுமார் அறுபது. பெண், வயது சுமார் இருபது. அவர்கள் அப்படியே இருந்தார்கள்.

கார்த்திகையில் சீனியம்மாள் கோட்டைப்பட்டிக்குப் போனாள். நானும் வரட்டுமா என்று டீச்சர் கேட்டதற்கு, வேண்டாம், சொன்னவள் நான்தானே என்றாள்.

வெள்ளத்தாய் வாசலில் கோலம் போட்டிருந்தாள். நெற்றியில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். சீனியம்மாளைக் கண்டதும் அக்கா, அக்கா என்று ஓடிவந்து கையைப் பிடித்தாள். உள்ளே கூட்டிப் போனாள். கயிற்றுக் கட்டிலுக்குப் புதுக் கயிறு கட்டியிருந்தது. கொடியில் பிரிக்காத புது வேட்டி. நீங்க சொன்ன மறுநாளே எடுத்தேன் அக்கா, வரும்போது கிழிசலோட வருவார் என்றாள். அவர் மேல் கோபம் போய்விட்டது என்றாள். எங்கேயோ இருக்கிறார், வரும்போது வரட்டும் என்றாள். அன்றைக்குக் கொண்டுபோன துண்டைத் துவைத்து மடித்து எடுத்து வந்து கொடுத்தாள்.

சீனியம்மாள் அந்தத் துண்டை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள். அடைப்புக்குறி, நட்சத்திரம் எதையும் சொல்லவில்லை. தப்பு என்னுடையது, பட்டியலில் அடையாளம் அழிந்திருந்தது, இப்போது சீட்டு கிடைத்திருக்கிறது, காவல் நிலையத்தில் போட்டோ இருக்கிறது, வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னாள். கல்லின் எண்ணையும் சொன்னாள்.

 அடுப்பில் ஏதோ தீய்கிற வாடை வந்தது. வெள்ளத்தாய் எழுந்து போய் இறக்கி வைத்துவிட்டு வந்தாள். வந்து உட்கார்ந்தபோது அக்கா என்கிற சொல் போயிருந்தது.

"ஐப்பசியில கண்ணு தெரியாத உங்க பெட்டிக்குக் கார்த்திகையில தெரியுதோ?"

சீனியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அன்னைக்கு இல்லைன்னு சொன்னதும் நீங்க. இன்னைக்கு இருக்குன்னு சொல்றதும் நீங்க. ரெண்டுல ஒண்ணு பொய்யி. எது பொய்யின்னு நான் ஏன் போட்டோ பார்த்துத் தெரிஞ்சுக்கணும்?"

"தாயி, ஒரு தடவை வந்து..."

"முதல்ல சொன்னதையே நான் வச்சுக்கிறேன். நீங்க போயிட்டு வாங்க."

வாசல்வரை வந்து வழியனுப்பினாள். மரியாதையில் ஒரு குறைவும் வைக்கவில்லை. கோலத்தை மிதிக்காமல் தாண்டிப் போங்க என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை சீனியம்மாள் சீக்கிரமே வந்து அறையைத் திறந்தாள். டீச்சர் வந்தாள். பையைக் கழற்றாமல் கம்ப்யூட்டரை நோக்கிப் போனவள், சீனியம்மாளின் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றாள். போன விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்டாள். சீனியம்மாள் சொன்னாள். கட்டில் கயிறு, வேட்டி, குங்குமம், ஒன்று விடாமல் சொன்னாள். கடைசியில் மூன்று வாரமாகத் தொண்டையில் வைத்திருந்ததைக் கேட்டாள்.

"அடையாளத்தை அழிச்சது நான்தான் டீச்சர், ஒத்துக்கிறேன். ஆனா அன்னைக்கு இல்லைன்னு சொன்னது அதுதானே? அது சொன்னதைத்தானே நான் சொன்னேன்?"

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னாள். கெட்ட பட்டியலின் பிரதி ஒன்றை அவள் அழிக்காமல் வைத்திருந்தாள். அதைத் திறந்து, சுண்டுவிரல் அல்லது தேள் என்று அதே அச்சைத் தட்டினாள்.

"என்ன எழுதியிருக்கு? படிங்க அக்கா."

சீனியம்மாள் விரல் வைத்துப் படித்தாள். "பொருந்தியவை, பூஜ்யம்."

"இல்லைன்னு எங்க இருக்கு?"

சீனியம்மாள் மறுபடி படித்தாள். வேறு ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

டீச்சர் அந்தப் பட்டியலை மூடினாள். நல்ல பட்டியலைத் திறந்தாள். தினமும் காலையில் நின்றபடி தட்டுகிற அந்த எழுத்துகளை இன்று மெதுவாக, சீனியம்மாள் படிக்கிற வேகத்துக்குத் தட்டினாள். இடது காலில் ஆறு விரல். திரையில் பூஜ்யம் வந்தது.

"எங்க அப்பா," என்றாள். "பதினோரு வருஷமா தேடறேன். இங்க வந்த நாள்லேருந்து தினமும் பூஜ்யம்தான் வருது. எங்க அம்மா தினமும் போன்ல கேட்பாங்க. இன்னைக்குக் கிடைக்கலைம்மான்னு சொல்லுவேன். இல்லைன்னு ஒரு நாள்கூடச் சொன்னதில்லை அக்கா."

அழித்துவிட்டு, பையைக் கழற்றி மாட்டி, மின்விசிறியைப் போட்டாள்.



இருநூற்றுப் பன்னிரண்டாம் கல்லில் இன்னும் எண் மட்டும்தான் இருக்கிறது. பெயர் எழுதலாமே என்று செயலாளர் இரண்டு தடவை கேட்டார். அந்த வீட்டம்மா வந்து சொல்லட்டும் என்று சீனியம்மாள் தட்டிக்கழித்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் நான்காவது வேலையைத் தொட்டதே இல்லை. எதை எடுக்க வேண்டுமானாலும் கையால் எடுப்பாள். தேடி யாராவது வந்தால் அச்சைப் போட்டுப் பார்ப்பாள். பூஜ்யம் வந்தால் வாயைத் திறக்க மாட்டாள். பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு அவர்களை உட்காரவைத்து, ஒன்றாம் வரியிலிருந்து சத்தமாகப் படிக்கத் தொடங்குவாள். எழுத்துக் கூட்டிப் படிப்பதால் ஒன்றரை மணி நேரம் ஆகும். அந்த ஒன்பது வரிகள் வரும்போது ஒவ்வொன்றிலும் நிறுத்தி, வந்தவர் முகத்தைப் பார்ப்பாள். பாதியில் சலித்து எழுந்து போகிறவர்களும் உண்டு. அவர்கள் போன பிறகும், காலி நாற்காலிக்குக் கடைசி வரிவரை படித்து முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.